ஸ்ட்ரெய்ட்ல மூக்கு இடது பக்கம் வெட்டுது, ரைட் டர்ன்ல மட்டும் வெளிய போகுது – 1/8 ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) பக்கி, முன் சஸ்பென்ஷன் தெரிஞ்சவங்க சொல்லுங்க

செம்மண்பக்கி:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

என்கிட்ட இருக்கறது 1/8 (நிஜ வண்டில எட்டுல ஒரு பங்கு சைஸ்) எலக்ட்ரிக் ஆர்சி பக்கி, 4எஸ் லைப்போ பேட்டரி, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. மோட்டார், இஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற போர்டு), டிஃப் (டிஃபரன்ஷியல்) எல்லாம் நல்ல கண்டிஷன், சேஸி கீழ கீறல் இருக்கே தவிர வளைவு எதுவும் இல்ல. ஓட்டறது பொள்ளாச்சி பக்கம் நண்பர் ஒருத்தரோட தென்னந்தோப்புக்குள்ள போட்டிருக்கற செம்மண் ட்ராக்ல, ஓரத்துக்கு கருப்பு பைப் அடிச்சு வச்சிருக்கோம், ஒரு டபுள் ஜம்ப், ஒரு டேபிள்டாப் ஜம்ப், அப்பறம் ஒரு நீள ஸ்ட்ரெய்ட். அந்த ஸ்ட்ரெய்ட்ல பாதிக்கு மேல மேடு பள்ளமா கெடக்கு, அங்கதான் பிரச்சனையே.

ஃபுல் த்ராட்டில்ல அந்த மேடு பள்ளத்து மேல போனா மூக்கு டக்குனு இடது பக்கம் வெட்டுது, ஒவ்வொரு தடவையும் இடதுதான், வலது பக்கம் ஒருதடவ கூட போனதில்ல. ஜம்ப் எறங்கும்போதும் அதே மாதிரி இடது பக்கம் இழுக்குது. ரெண்டாவது, லெஃப்ட் டர்ன் எல்லாம் அழகா பைப்ப ஒட்டி போகுது ஆனா ரைட் டர்ன்ல ஸ்டியரிங் முழுசா பிடிச்சாலும் அகலமா வெளிய போயிடுது. மூணாவது, ஒரு பக்கம் திருப்பிட்டு விட்டா வீல் சரியா சென்டருக்கு வரமாட்டேங்குது, ரைட் திருப்பி விட்டா கொஞ்சம் ரைட்லயே நிக்குது, லெஃப்ட் திருப்பி விட்டா லெஃப்ட்ல நிக்குது, அதனால ட்ரிம் (ரேடியோல ஸ்டியரிங் சென்டர) எங்க வைக்கறதுனே தெரியல.

இப்ப இருக்கற செட்டிங்: முன்னாடி ஷாக் ஆயில் 500 சிஎஸ்டி (ஆயில் கெட்டித்தன்மை அளவு), பின்னாடி 400. டிஃப் 7-7-5, அதாவது முன்னாடி 7000, சென்டர் 7000, பின்னாடி 5000. முன்பக்கம் தரைல இருந்து சேஸி உயரம் 26 மிமீ, கேம்பர் (வீல் சாய்வு) மைனஸ் ஒன்றரை, டோ-அவுட் (வீலோட முன்பக்கம் வெளிய பாக்கறது) 1 டிகிரி. சர்வோ (ஸ்டியரிங்க திருப்பற மோட்டார்) 25 கிலோ டார்க், 7.4 வோல்ட்ல ஓடுது. முன்பக்கம் சி-ஹப் டைப் (நக்கிள், அதாவது வீலோட திரும்பற பார்ட்ட, மேலயும் கீழயும் புடிக்கற சி வடிவ பார்ட்), பில்லோ பால் (பந்து மூட்டு) டைப் இல்ல. ஸ்பிரிங் மாத்தி பாத்தாச்சு, டயர் மாத்தி பாத்தாச்சு, ஒரு வித்தியாசமும் இல்ல. ஆக்கர்மான் சரியில்லாததாலயா இருக்குமானு ஒரு டவுட். எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ஆயில்வாசம்:

ப்ரோ, ரைட் டர்ன்ல புஷ் ஆகுதுன்னா (சரியா திரும்பாம வெளிய போகுதுன்னா) முன் டிஃப் ஆயில 7000ல இருந்து 5000க்கு எறக்கி பாருங்க, கேஸ் (த்ராட்டில்) விட்டு டர்ன் உள்ள போகும்போது மூக்கு நல்லா திரும்பும். முன் ஆன்ட்டி-ரோல் பார் (டர்ன்ல கார் சாயாம புடிக்கற கம்பி) கனமா இருந்தா ஒரு சைஸ் மெலிசா போடுங்க. மேடு பள்ளத்துல தூக்கி அடிக்குதுன்னா ஷாக் ஆயில் சரியானு பாக்கணும், நம்ம ஊரு வெயில்ல மத்தியானம் சிலிக்கான் ஆயில் நல்லா இளகிடும், காலைல செட் பண்ணது ரெண்டு மணிக்கு வேற காரா இருக்கும். கோடைல நான் 50 சிஎஸ்டி ஏத்தித்தான் ஊத்துவேன்.

கிங்பின்77:

ஆயில்வாசம் சொன்னது எல்லாம் உண்மைதான், ஆனா அது இந்த காருக்கு இப்ப வேண்டாம்னு நினைக்கறேன். ஏன்னா டிஃப் ஆயில், ஷாக் ஆயில், ஆன்ட்டி-ரோல் பார் கனம், இதெல்லாம் ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாதான் மாத்தும். லெஃப்ட்ல நல்லா திரும்பி ரைட்ல மட்டும் புஷ் ஆகுதுன்னா செட்டப்ப விட்டுருங்க, எங்கயோ ஒரு பார்ட் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேற மாதிரியும் இருக்கு. அதை கண்டுபிடிக்காம ஆயில் மாத்திட்டே இருந்தா வருஷம் பூரா மாத்திட்டே இருக்க வேண்டியதுதான்.

முதல்ல கார ஸ்டாண்ட்ல வச்சு முன் ரெண்டு ஷாக்கோட கீழ் ஸ்க்ரூவ கழட்டி விடுங்க, ஆன்ட்டி-ரோல் பார் லிங்க்கையும் கழட்டிடுங்க. இப்ப ரெண்டு ஆர்மையும் (வீல தாங்கற கை) மேல தூக்கி விட்டா அது தன் வெயிட்லயே தொப்புனு விழணும். ஒரு பக்கம் விழுந்து இன்னொரு பக்கம் பாதியில நின்னா அந்த பக்கம் ஹிஞ்ச் பின் (ஆர்ம் கீல் மாதிரி சுத்தற கம்பி) வளைஞ்சிருக்கு இல்லன்னா ஆர்ம் ஓட்டை டைட்டா இருக்கு. பின்ன உருவி ஒரு கண்ணாடி மேல இல்ல கிரானைட் மேல உருட்டுங்க, வளைஞ்சிருந்தா உருளும்போது அடியில வெளிச்சம் தெரிஞ்சு தெரிஞ்சு மறையும், கண்ணுக்கு நேரா புடிச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது. பின் நேரா இருந்தும் டைட்டா இருந்தா ரீமர் போட்டு கொஞ்சமா ஓட்டையை க்ளீன் பண்ணுங்க, ட்ரில் பிட் போட்டு பெருசாக்கிடாதீங்க, அப்பறம் ஆட்டம் வந்துடும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், ஷாக் கழட்டி இருக்கும்போதே பண்ணுங்க. ரேடியோ, கார் ரெண்டையும் ஆன் பண்ணி சர்வோ சென்டர்ல நிக்கட்டும், பினியன (மோட்டார் பல்சக்கரம்) கழட்டி வச்சுட்டா பயமில்லாம கைய வைக்கலாம். இடது வீல் மேல ஒரு நீள ஸ்டீல் ஸ்கேல ஒட்டி புடிச்சுகிட்டு ஆர்ம மெதுவா கீழ இருந்து மேல வரைக்கும் தூக்குங்க. ஸ்கேல் முன்முனை வெளிய போகுதா உள்ள வருதா, எவ்வளவுனு பாருங்க. அப்பறம் வலது பக்கமும் அதே மாதிரி. இதுதான் பம்ப் ஸ்டியர். ஸ்டியரிங்க தொடாமலே சஸ்பென்ஷன் அமுங்கறதால மட்டும் வீல் திரும்பறது. அமுங்கும்போது கொஞ்சம் டோ-அவுட் ஆனா பரவால்ல, நிறைய கார்ல அப்படித்தான் வச்சிருப்பாங்க, ஓட்டறதுக்கு சாஃப்ட்டா இருக்கும். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஆகணும்.

என் சந்தேகத்த சொல்லிடறேன், உங்க இடது வீல்தான் அமுங்கும்போது அதிகமா டோ-அவுட் ஆகுது. பாத்துட்டு சொல்லுங்க.

ஆக்கர்மான்ங்கறது வேற விஷயம். திரும்பும்போது உள்பக்க வீல் வெளிப்பக்க வீல விட அதிகமா திரும்பணும், ஏன்னா அது சின்ன வட்டத்துல போகுது. இதோட சரித்திரம் குதிரை வண்டி காலத்துது, மியூனிக்ல வண்டி செஞ்ச லாங்கன்ஷ்பெர்கர்ங்கறவரோட ஐடியா, அவருக்காக லண்டன்ல ருடால்ஃப் ஆக்கர்மான் 1818ல பேடண்ட் எடுத்தாரு, பேரு அவருக்கே நின்னுடுச்சு. நம்ம பக்கில ஸ்டியரிங் பிளேட்ல ரெண்டு மூணு ஓட்டை இருக்கும் பாருங்க, லிங்க்க எந்த ஓட்டையில மாட்டறோம்ங்கறதுதான் ஆக்கர்மான் அட்ஜஸ்ட்மென்ட். ரெண்டு லிங்க்கும் ஒரே ஓட்டையில இருக்கானு மட்டும் இப்ப பாத்துக்கங்க, மத்தபடி அதுல கைய வைக்க வேண்டாம்.

ஈப்போகாற்று:

அண்ணே, அந்த மூணாவது பிரச்சனை, சென்டருக்கு வராதது, அது சர்வோ சேவரா (மோதும்போது அடிய வாங்கற ஸ்பிரிங் பார்ட்) இருக்கும்னு எனக்கு படுது. சர்வோ லிங்க்க ஹார்ன்ல (சர்வோ தண்டுல மாட்டற கை) இருந்து கழட்டிட்டு ரெண்டு வீலையும் கையால பிடிச்சு இடம் வலம் ஆட்டிப் பாருங்க. ஒரு விரலால தள்ளினாலே போகணும், எங்கயும் பிடிக்கக்கூடாது. பிடிச்சா பெல்கிராங்க் (ஸ்டியரிங் லிங்க்க அசைக்கற கை) சுத்தற போஸ்ட்ல மண்ணு போயிருக்கும். இங்க எங்க பக்கம் மழைக்கு பிறகு களிமண் அப்படியே உள்ள பூந்து காய்ஞ்சு கல்லா போயிடும், கழட்டி பாத்தா புஷ் உள்ள சேறுதான். செம்மண் இன்னும் மோசம், நைசா இருக்கும், கிரீஸ் போட்டு வச்சிருந்தா அதுல ஒட்டி பேஸ்ட் மாதிரி ஆயிடும். அந்த எடத்துல கிரீஸே போடாதீங்க, தொடச்சு உலர்வா விடுங்க.

வீல் லேசா ஆடியும் சென்டருக்கு வரலன்னா சேவர் ஸ்பிரிங் லூஸ். கார தரைல வச்சு, நிக்கும்போதே ஸ்டியரிங் முழுசா திருப்புங்க. சர்வோ ஹார்ன் முழுசா போயி வீல் பாதிதான் போச்சுன்னா நட்ட டைட் பண்ணனும். ஆனா முழுசா இறுக்கிடாதீங்க, பைப்ல மோதும்போது அந்த அடி எங்கயாவது போயாகணும், சேவர் வாங்கலன்னா சர்வோ கியர்தான் வாங்கும்.

இன்னொண்ணு, செகண்ட் ஹேண்ட் கார்ங்கறதால சொல்றேன், சர்வோவுக்கு ஏத்த ஹார்ன்தானானு பாருங்க. சர்வோ கம்பெனிகள்ல ஃபுடாபா, சாவாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் 25 பல்லு, ஹைடெக் 24, சான்வாவும் கேஓவும் 23. 25 பல்லு ஹார்ன 24 மேல அழுத்தி மாட்டி ஸ்க்ரூ போட்டு வச்சிருப்பாங்க, பாக்க சரியா இருக்கும், லோடு வந்தா நழுவும். ட்ரிம் நிக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

பிட்டேபிள்:

மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் அளக்கறத பத்தி மட்டும் சொல்றேன். செட்டப் ஸ்டேஷன் வாங்க காசு செலவு பண்ண வேண்டாம். கிரானைட் கடைக்கு போனா வெட்டுத் துண்டு ஓரமா போட்டு வச்சிருப்பாங்க, ரெண்டடிக்கு ரெண்டடி ஒண்ணு கேட்டு எடுத்துட்டு வாங்க, மட்டம் பாத்து டேபிள் மேல வச்சுட்டா அதுதான் செட்டப் போர்டு. அப்பறம் ஒரு டிஜிட்டல் வெர்னியர்.

வெர்னியர்ல ஒவ்வொரு ஷாக்கையும் முழுசா நீட்டி ஓட்டைக்கு ஓட்டை அளங்க, முன் ரெண்டும் ஒரே நீளமா இருக்கணும், அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கூட விடாதீங்க. ஷாஃப்ட்ல எண்ட் எவ்வளவு ஏறியிருக்குங்கறதுலதான் இது மாறும். ஆர்ம்ல இருக்கற ட்ரூப் ஸ்க்ரூ (ஆர்ம் எவ்வளவு கீழ எறங்கலாம்னு வைக்கறது) ரெண்டும் சமமா எறங்கியிருக்கானு பாருங்க. ஸ்டியரிங் லிங்க் நீளம், கேம்பர் லிங்க் நீளம் எல்லாத்தையும் இடது வலதுனு பேப்பர்ல எழுதி வைங்க. எழுதும்போதே தப்பு எங்கனு தெரிஞ்சிடும்.

எல்லாம் மாட்டுன பிறகு கார கிரானைட் மேல வச்சு, மூக்குக்கு அடியில சேஸி நடு சென்டர்ல ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனிய குடுத்து மெதுவா தூக்குங்க. ரெண்டு முன் வீலும் ஒரே நேரத்துல தரைய விட்டு கிளம்பணும். ஒண்ணு முன்னாடி கிளம்பினா கார் முறுக்கி இருக்கு, பெரும்பாலும் ஆன்ட்டி-ரோல் பார் லிங்க் ஒண்ணு நீளம் ஒண்ணு கட்டை, இல்லன்னா பாரே வளைஞ்சிருக்கும். பின்பக்கமும் இதே டெஸ்ட் பண்ணனும், பின்பக்க முறுக்கு முன்னாடி தெரியறதும் உண்டு.

எண்ட்பாயிண்ட் எல்லாம் கடைசியில. வீல் சி-ஹப்ல போயி இடிக்கறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி நிக்கற மாதிரி ரேடியோல ரெண்டு பக்கமும் தனித்தனியா வைங்க, இடிச்சுகிட்டு சர்வோ ஞொய்ங்னு கத்துச்சுன்னா அது கரண்ட்ட இழுத்து சூடாகி போயிடும்.

செம்மண்பக்கி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்ன வரிசையிலயே பிரிச்சு பாத்தேன்.

ஷாக் கழட்டி விட்டதும் வலது ஆர்ம் டக்குனு விழுந்துச்சு, இடது ஆர்ம் முக்கால்வாசி எறங்கி அப்படியே நின்னுச்சு. உள்பக்க ஹிஞ்ச் பின்ன எடுத்து கண்ணாடி மேல உருட்டினா கிங்பின் அண்ணா சொன்ன மாதிரியே வெளிச்சம் வந்து வந்து போகுது.

பம்ப் ஸ்டியர் பாத்தேன். வலது பக்கம் ஆர்ம் மேல வரைக்கும் தூக்கினாலும் ஸ்கேல் முனை ஒரு மில்லிமீட்டர் கூட வெளிய போகல. இடது பக்கம் 4 மிமீக்கு மேல வெளிய போகுது! சரினு நக்கிள்ல ஸ்டியரிங் லிங்க் மாட்டுற பால் ஸ்டட்ட பாத்தேன், வலது பக்கம் பாலுக்கு அடியில 1 மிமீ வாஷர் ஒண்ணு, இடது பக்கம் மூணு வாஷர். மண்ணு அப்பி கெடந்ததால வெளிய தெரியவே இல்ல, பிரஷ் போட்டு தேச்ச பிறகுதான் ஒவ்வொண்ணா கண்ணுக்கு தெரியுது. முன்னாடி வச்சிருந்தவங்க கையில இருந்த ஸ்க்ரூ நீளமா இருக்குனு போட்டு நிரப்பியிருப்பாங்க போல.

பெல்கிராங்க் போஸ்ட் ரெண்டுலயும் ஈப்போ நண்பர் சொன்ன அதே செம்மண் பேஸ்ட். ஹார்ன் 25 பல்லு, சர்வோவும் 25, அது ஓகே.

ஒரு கேள்வி, அந்த வாஷரால ரைட் டர்ன்ல ஏன் புஷ் ஆகுது? மேடு பள்ளத்துல வெட்டறது புரியுது, திரும்பறதுல ஏன்?

கிங்பின்77:

அருமை, நல்லா பிடிச்சீங்க. ரெண்டுமே ஒரே காரணம்தான்.

உங்க கார்ல ஸ்டியரிங் லிங்க் ஆக்சிலுக்கு பின்னாடி இருக்கு. இடது பக்கம் பால் 2 மிமீ கூடுதலா தூக்கி இருக்கறதால லிங்க்கோட வெளிமுனை உள்முனைய விட உயரமா நிக்குது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது அந்த வெளிமுனை இன்னும் மேல போகுது, லிங்க் நீளம் மாறாது, அதனால வளைவா மேல போகப் போக அது உள்பக்கமா வந்துதான் ஆகணும். நக்கிளோட பின்முனைய உள்ள இழுத்தா வீலோட முன்பக்கம் வெளிய போகும், இடது வீலுக்கு வெளியங்கறது இடது பக்கம். மேட்டு மேல போனா, ஜம்ப்ல எறங்கினா ரெண்டு வீலும் அமுங்குது, வலது நேரா நிக்குது இடது மட்டும் இடது பக்கம் திரும்புது, மூக்கு வெட்டுது.

இப்ப ரைட் டர்ன் எடுங்க. வெயிட் எல்லாம் வெளிப்பக்கம், அதாவது இடது முன் வீல் மேல வந்து உக்காருது. அந்த டர்ன்ல காரை திருப்பற வேலைய பெரும்பாலும் அந்த ஒரு வீல்தான் செய்யுது. அது அமுங்குது, அமுங்கினதும் இடது பக்கம் திரும்ப பாக்குது. நீங்க ரைட்ல முழுசா பிடிக்கறீங்க, வீல் அதுல கொஞ்சத்த திருப்பி எடுத்துக்குது. லெஃப்ட் டர்ன்ல லோடு வலது வீல்ல, அங்க வாஷர் சரியா இருக்கு, அதனால பைப்ப ஒட்டி போகுது.

இடது பக்கமும் 1 மிமீக்கு எறக்கிடுங்க, அதுக்கு ஏத்த கட்டை ஸ்க்ரூ போடுங்க, நீள ஸ்க்ரூவே போட்டா முனை ரிம்ல உரசும். ஹிஞ்ச் பின்ன நிமித்த முயற்சி பண்ணாதீங்க, புதுசு மாத்திடுங்க, ஒருதடவ வளைஞ்ச பின் அடுத்த அடில அதே எடத்துல வளையும். மாத்துன பிறகு மறுபடி டோ பாத்து செட் பண்ணுங்க, பால் உயரம் மாறினா டோவும் மாறியிருக்கும். டர்ன்பக்கிள் (நீளம் மாத்தற லிங்க் கம்பி) ஒரு பக்கம் நேர் மரை, ஒரு பக்கம் எதிர் மரை, கழட்டாமலே திருகலாம். காருல இருக்கற எல்லா டர்ன்பக்கிளோட வெட்டுக் குறியும் ஒரே பக்கம் பாக்கற மாதிரி மாட்டிட்டீங்கன்னா பிட்ல அவசரத்துல எந்த பக்கம் திருகினா நீளும்னு யோசிக்க வேண்டாம்.

செம்மண்பக்கி:

புது பின், வாஷர் சமம், போஸ்ட் க்ளீன், சேவர் நட் கொஞ்சம் டைட், ஷாக் நீளம் சமம். இந்த ஞாயித்துக்கிழமை ஓட்டினேன். ஸ்ட்ரெய்ட்ல அந்த மேடு பள்ளத்து மேல ஃபுல் த்ராட்டில் பிடிச்சு போறேன், ஸ்டியரிங்ல கையே அசைக்க வேண்டாம், அம்பு மாதிரி போகுது. ட்ரிம் ஒரு தடவ வச்சது அப்படியே நிக்குது. ரைட் டர்ன் லெஃப்ட் டர்ன் ரெண்டும் ஒண்ணா ஆயிடுச்சு. நண்பர் வாங்கி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு இது அதே காரானு கேக்கறாரு.

இப்ப இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கேஸ விட்டு டர்ன்குள்ள நுழையும்போது ரெண்டு பக்கமுமே மூக்கு கொஞ்சம் சோம்பலா இருக்கு. கேஸ் குடுத்து வெளிய வரும்போது நல்லா இழுக்குது. இப்ப ஆயில் மாத்தலாமா?

ஆயில்வாசம்:

இப்ப தாராளமா மாத்தலாம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குல்ல, அதான் வேணும். முன் டிஃப் 7000ங்கறது கெட்டி, கேஸ் விட்டதும் ரெண்டு முன் வீலும் ஒண்ணா சுத்த பாக்கும், மூக்கு திரும்ப தயங்கும். 5000 ஊத்துங்க. வெளிய வரும்போது இழுக்கற பலம் கொஞ்சம் குறையும், அது அதிகமா குறைஞ்ச மாதிரி இருந்தா 6000ல நிறுத்திக்கங்க. சென்டர் டிஃப்ப தொடாதீங்க, அத எறக்கினா கேஸ் குடுக்கும்போது முன் வீல் சும்மா சுத்தி டயர் ஊதி பெருசாகும், பவர் பின்னாடி போகாது.

ஊத்தறதுக்கு முன்னாடி டிஃப் பெட்டிய வெயிட் மெஷின்ல வச்சு கிராம் பாத்துட்டு, ஆயில் எவ்வளவு போச்சுனு எழுதி வைங்க, அடுத்த தடவ அதே அளவு ஊத்தலாம். கியர் க்ராஸ் பின் மட்டும் லேசா மூடற அளவு போதும், ததும்ப ஊத்தினா சூடாகும்போது சீல் வழியா வெளிய வந்து பிரஷ் போட்டு தேச்ச எடமெல்லாம் மறுபடி மண்ணு ஒட்டும். ஊத்திட்டு மூடாம கொஞ்ச நேரம் வைங்க, குமிழி எல்லாம் மேல வரட்டும். அதே நாள்ல டோவையும் ஸ்பிரிங்கையும் சேத்து மாத்தாதீங்க, எது வேலை செஞ்சுதுனு தெரியாம போயிடும். ஓட்டிட்டு வந்து எத்தனைல வச்சீங்கனு எழுதுங்க, எங்க ட்ராக்கும் செம்மண்தான், எனக்கும் அந்த நம்பர் வேணும்.